தண்ணீர்த் துளியைப் படித்த மருத்துவர்

நான் வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். காலை ஷிஃப்ட். என் மேசையில் ஒரு கருநிறப் பலகை இருந்தது. கார்பன் இழைத் துணிகளை எப்பாக்ஸி ரெசினோடு அடுக்கி, ஆட்டோகிளேவ் எனும் அழுத்த அடுப்பில் சூடேற்றி இறுக வைத்து எடுத்த பலகை. இப்படிச் செய்யும் பொருளைத்தான் கம்போசிட் என்கிறோம். அந்தப் பலகை விமான இறக்கையின் ஒரு பாகமாகப் போகிறது. அதன்மேல் இன்னொரு பாகத்தைப் பசையால் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் பரப்பைத் தயார் செய்வது என் பொறுப்பு.

சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தேன். பார்வைக்குப் பலகை பளிச்சென்று சுத்தமாக இருந்தது. பிறகு விதிமுறைப்படி அதன்மேல் சுத்திகரித்த தண்ணீரைத் தெளித்தேன். தண்ணீர் ஒரே மெல்லிய படலமாகப் பரவி நின்றது, ஒரு மூலையைத் தவிர. அங்கே உள்ளங்கை அளவு இடத்தில் படலம் பிளந்து, தண்ணீர் சின்னச் சின்ன முத்துகளாகத் திரண்டு நின்றது.

காரணம் நான்தான். அன்று காலையில் கையில் கிரீம் பூசியிருந்தேன். அதே கையால் கையுறையின் வெளிப்பக்கத்தைப் பிடித்து மாட்டியிருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத அந்தப் பிசுக்கு கையுறையிலிருந்து பலகைக்குப் போய்விட்டது.

வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு சின்ன இடம்தானே, பசை போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எங்கள் பிரிவின் மூத்த டெக்னீஷியன் அண்ணனிடம் வாதாடினேன். அவர் திட்டவில்லை. யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்தே என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு துளியை வரைந்தார். துளியின் ஓரம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோணத்தைக் குறித்தார். பக்கத்தில் ஒரு பெயரை எழுதினார்: யங்.

யங் குணகத்தின் யங்கா என்று கேட்டேன். ஆமாம், அதே ஆள் என்றார். இரட்டைப் பிளவுச் சோதனையின் யங்கும் அவர்தான் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. பள்ளியில் ஒளியைப் பற்றிப் படித்தபோது ஒரு யங் வந்தார். டிப்ளோமாவில் உலோகக் கம்பியை இழுத்துப் பார்த்தபோது இன்னொரு யங் வந்தார். இருவரும் ஒருவரே என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று இரவு தாமஸ் யங்கின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணிலிருந்து தொடங்கியவர்

தாமஸ் யங் 1773ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் மில்வர்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். குவேக்கர் எனும் எளிய வாழ்க்கை முறையைப் பின்பற்றிய கிறிஸ்துவக் குடும்பம். இரண்டு வயதிலேயே வாசிக்கத் தெரிந்தவர், நான்கு வயதுக்குள் பைபிளை இரண்டு முறை முடித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பதின்ம வயதில் கிரேக்கமும் லத்தீனும் கைவந்துவிட்டன. பிரெஞ்சு, இத்தாலியம், ஹீப்ரு என்று மற்ற மொழிகளிலும் இறங்கிவிட்டார்.

படித்தது மருத்துவம். லண்டனில் தொடங்கி எடின்பர்க், அங்கிருந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் என்று போய், 1796இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார். அங்கே சக மாணவர்கள் அவரை ‘அதிசயம்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அதில் பாராட்டும் இருந்திருக்கும், கேலியும் இருந்திருக்கும்.

மாணவராக இருந்தபோதே மாட்டின் கண்ணை அறுத்துப் பார்த்து, நம் கண் தூரத்தையும் பக்கத்தையும் எப்படி மாற்றி மாற்றிப் பார்க்கிறது என்று ஆராய்ந்தார். கண்ணின் வில்லை தன் வளைவை மாற்றிக்கொள்வதால்தான் என்று 1793இல் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே, 21 வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கும். கண்ணின் முன்புறப் படலம்தான் வளைகிறதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, தன் கண்ணையே தண்ணீரில் வைத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் அந்தப் படலத்தின் ஒளிவிலக்கம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அப்போதும் கண்ணால் தூரத்தை மாற்றிப் பார்க்க முடிந்தது. ஆகவே வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வில்லைதான். பெரிய கருவி எதுவும் இல்லை. கொஞ்சம் தண்ணீர், நல்ல கேள்வி, பொறுமை. அவ்வளவுதான்.

யாரும் கேட்காத பேச்சாளர்

1801இல் லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். இரண்டு ஆண்டுகளில் 91 விரிவுரைகள் ஆற்றினார். ஒளி, ஒலி, இயந்திரம், கட்டடம், கடல் அலை என்று எல்லாமே அதில் உண்டு. ஆனால் அவர் நல்ல பேச்சாளர் அல்லர். விஷயத்தை மிகவும் சுருக்கி, அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டு போவார். கேட்பவர்கள் பின்தங்கிவிடுவார்கள். மருத்துவத் தொழிலுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று 1803இல் அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

அந்த ஆண்டுகளில்தான் ஒளி ஓர் அலை என்று வாதிட்டார். ஜன்னல் திரையின் சிறு துளை வழியே வரும் சூரியக் கதிரின் நடுவே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு தடிமன் உள்ள அட்டையை நீட்டினார். அட்டையின் நிழலுக்குள்ளேயே ஒளியும் இருளுமாகக் கோடுகள் தெரிந்தன. இரு பக்கமும் வந்த ஒளி ஒன்றோடொன்று கலந்ததால் வந்த கோடுகள் அவை. ஒரு பக்க ஒளியை மறைத்தால் கோடுகள் மறைந்தன.

நியூட்டன் ஒளியைத் துகள் என்று கருதியவர். நியூட்டனுக்கு எதிராக ஒரு இளம் டாக்டர் பேசுவதா? ஹென்றி புரூம் என்பவர் ஒரு புகழ்பெற்ற இதழில், பெயர் போடாமல், யங்கைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். யங் பதில் எழுதி ஒரு சிறு நூலாக அச்சிட்டார். அது ஒரே ஒரு பிரதிதான் விற்றதாம்.

மலாய்மொழிப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள்: அறிவுரையைக் காதில் வாங்காதவருக்குச் சொல்வது, கெலாடி இலையில் தண்ணீர் ஊற்றுவது போல என்று. நம் தமிழில் தாமரை இலைத் தண்ணீர் என்போம். யங் சொன்னவை அந்தக் காலத்து அறிஞர்கள் மேல் அப்படித்தான் உருண்டோடின.

அதே நேரத்தில், இலையில் தண்ணீர் ஏன் உருண்டோடுகிறது என்ற கேள்வியையும் அவர் கையில் எடுத்திருந்தார்.

துளியின் ஓரம்

1804ஆம் ஆண்டு அவருக்கு எலைசா மேக்ஸ்வெல் என்ற பெண்ணுடன் திருமணம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, திரவங்கள் ஒட்டிக்கொள்வதைப் பற்றிய அவருடைய கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. அதில் அவர் சொன்ன முக்கியமான செய்தி இதுதான்: ஒரு திடப்பொருளின் மேல் ஒரு திரவத் துளியை வைத்தால், துளியின் ஓரம் அந்தப் பரப்போடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும். ஒவ்வொரு திட, திரவ ஜோடிக்கும் அதற்கே உரிய கோணம் உண்டு.

ஏன் அப்படி? பள்ளி விளையாட்டுப் போட்டியில் கயிறிழுக்கும் அணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். துளியின் ஓரத்தில் மூன்று இழுவிசைகள் சந்திக்கின்றன. திடப்பொருளின் வெறும் பரப்பு, துளியை வெளியே இழுத்துப் பரப்பப் பார்க்கிறது. திடமும் திரவமும் சேரும் பரப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. திரவத்தின் மேற்பரப்போ துளியைச் சுருட்டி உருண்டையாக்கப் பார்க்கிறது. மூன்றும் சமமாகும் இடத்தில் ஓரம் நின்றுவிடும். அந்தச் சமநிலைதான் கோணத்தை முடிவு செய்கிறது.

வெளியே இழுக்கும் அணி வலுவாக இருந்தால் துளி தட்டையாகப் பரவும், கோணம் சிறியது. அந்த அணி பலவீனமாக இருந்தால் துளி முத்தாகத் திரளும், கோணம் பெரியது.

யங் இதையெல்லாம் சமன்பாடாக எழுதவில்லை. வெறும் வாக்கியங்களாகவே எழுதினார். அதனால் அந்தக் கட்டுரையைப் படிப்பது கடினம். பிரான்சின் லாப்லாஸ் ஏறக்குறைய அதே காலத்தில் இதே துறையைக் கணிதமாக எழுதிக் காட்டினார். இன்று பாடநூல்களில் யங் சமன்பாடு என்று இருப்பது, அவர் சொற்களைப் பின்னால் வந்தவர்கள் குறியீடுகளாக மாற்றியது.

நான் அழித்த மூலை

இப்போது என் பலகைக்கு வருவோம். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம். மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். நன்றாகத் தேய்த்துத் துடைத்த எப்பாக்ஸிப் பரப்பு தண்ணீரையே தட்டையாக விரிக்கும் வலிமை பெற்றுவிடுகிறது. தண்ணீரைவிடக் குறைந்த இழுவிசை கொண்ட பசை அதில் எளிதாகப் பரவி ஒவ்வொரு நுண்ணிய பள்ளத்திலும் இறங்கும். ஆனால் அதே பரப்பில் சிலிக்கோனோ எண்ணெயோ மிக மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், வெளியே இழுக்கும் அணி சோர்ந்துவிடும். சிலிக்கோன் பரப்பின் ஆற்றல் சுமார் 20 மில்லிநியூட்டன் அளவுதான். தண்ணீர் அங்கே முத்தாகத் திரளும். பசை மேலே உட்கார்ந்திருக்கும், பிடிக்காது.

கம்போசிட் வேலையில் சிலிக்கோன் பல வழிகளில் வரலாம். அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரப் பூசும் பொருளில் இருக்கலாம். கைக்குப் பூசும் கிரீமில், தலைமுடிக்குத் தடவும் பொருளில், பக்கத்து மேசையில் யாரோ அடித்த ஸ்ப்ரேயில் இருக்கலாம். அதனால் பல தொழிற்கூடங்கள் ஒட்டும் அறைக்குள் இவற்றை அனுமதிப்பதே இல்லை.

வேலையின் ஒழுங்கு கேட்கச் சுலபமானது. பாகத்தை இறுக வைக்கும்போதே அதன்மேல் பீல் பிளை எனும் நெய்த துணியை வைப்பார்கள். ஒட்டும் நேரத்தில் அதை உரித்தால் உள்ளே புதுப் பரப்பு தெரியும். அது மட்டும் போதாது. சில துணிகள் தங்கள் எச்சத்தை விட்டுச் செல்லும். ஆகவே சாண்ட்பேப்பரால் மேல் ரெசினை மட்டும் இலேசாகத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் கார்பன் இழைகள் அறுபடும். பிறகு கரைப்பானால் துடைக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஈரத் துணியால் துடைத்த கையோடு, கரைப்பான் ஆவியாவதற்குள், சுத்தமான உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தாமதித்தால் கரைந்த அழுக்கு மறுபடி அங்கேயே படிந்துவிடும். கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. படலம் உடையாமல் நின்றால், பாகத்தை நன்றாக உலர்த்தி, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். இப்போது பிளாஸ்மாவால் பரப்பைத் தயார் செய்யும் இயந்திரங்களும், ஒரு சிறு துளியைச் சொட்டி அதன் கோணத்தை நொடியில் அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. கருவி புதியது, அது அளப்பது யங் சொன்ன கோணத்தைத்தான்.

இவ்வளவு கவனம் எதற்கு? ஒட்டிய பிறகு மீயொலி வைத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா என்று தெரியும். ஆனால் பசை பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதை அது சொல்லாது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அந்த வேறுபாடு தெரியும் கடைசி நேரம், ஒட்டுவதற்கு முன்பு அந்தத் தண்ணீர் பரவும் சில நொடிகள்தான்.

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி ஹவாயில் ஒரு போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்தபோது, அதன் முன்பகுதிக் கூரை பெயர்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற 94 பேரும் உயிரோடு தரையிறங்கியது பெரிய ஆச்சரியம். அது கம்போசிட் அல்ல, அலுமினியம். ஆனால் தகடுகள் சேரும் இடத்தில் பசையும் இருந்தது. பரப்புத் தயாரிப்பிலும் ஈரத்திலும் சிக்கல் இருந்த அந்தப் பசை காலப்போக்கில் விட்டுப்போனது. ஈரம் உள்ளே புகுந்து துருப்பிடித்தது. சுமை முழுவதும் ரிவெட் ஆணிகளின் துளைகள் மேல் விழுந்து அங்கே விரிசல்கள் ஓடின. பராமரிப்பில் அவை கண்டுபிடிக்கப்படவில்லை. பசை போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற என் கேள்விக்கு, அந்த விபத்தைப் பற்றிப் படித்தபோது பதில் கிடைத்தது.

பெயர் போடாமல் எழுதியவர்

யங்கின் பின்னாளைய வாழ்க்கையும் இதே போலத்தான். 1811 முதல் இறக்கும்வரை லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். இப்படிப் பல துறைகளில் கை வைக்கும் டாக்டரை நோயாளிகள் நம்புவார்களா என்ற பயம் அவருக்கு இருந்தது. அதனால் பல கட்டுரைகளைப் பெயர் போடாமலே எழுதினார்.

1807இல் தன் விரிவுரைகளை நூலாக வெளியிட்டார். பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் அதில்தான் வருகிறது. எகிப்தின் ரொசெட்டா கல்லில் உள்ள எழுத்துகளை 1814 முதல் ஆராய்ந்து, தாலமி மன்னரின் பெயரை அடையாளம் கண்டார். முழுமையாகப் படித்துக் காட்டிய பெருமை பிரான்சின் ஷாம்போலியனுக்குப் போனது. தண்ணீரின் பரப்பு இழுவிசையை வைத்தே அதன் மூலக்கூறின் அளவையும் மதிப்பிட்டார்.   நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதல்ல. துளியின் போக்கைக் கவனித்துச் சொன்னது.

ஒளியலை விஷயத்திலும் நியாயம் கிடைத்தது. 1816இல் அராகோவும் கே லுசாக்கும் பிரான்சிலிருந்து அவரைப் பார்க்க வந்தார்கள். தங்கள் நாட்டின் ஃபிரெனெல் செய்த ஒரு சோதனையை அராகோ புகழ்ந்தார். அதை நான் முன்பே எழுதியிருக்கிறேன் என்றார் யங். விருந்தினர் நம்பத் தயங்கினார்கள். எலைசா பேசாமல் எழுந்து போய், 1807ஆம் ஆண்டு நூலை அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஃபிரெனெலின் கணிதமும் யங்கின் சோதனைகளும் சேர்ந்து, பிறகு அலைக் கொள்கையை நிலைநிறுத்தின.

1829ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி, 55 வயதில் யங் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் நினைவாக ஒரு கல் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு அப்போது இன்னும் எழுபத்து நான்கு ஆண்டுகள் இருந்தன.

மாணவர்களே, இது தூரத்து நாட்டுக் கதை மட்டும் அல்ல. மலாக்காவிலும் கெடாவிலும் சிலாங்கூரிலும் உலக விமானங்களுக்கான கம்போசிட் பாகங்கள் செய்யப்படுகின்றன. உங்களில் சிலர் நாளை அந்த மேசைகளின் முன் நிற்பீர்கள்.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் இரண்டு பலகைகளை வைப்பேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டிலும் தண்ணீர் தெளிக்கச் சொல்வேன். ஒன்றில் தண்ணீர் பரவும்; மற்றதில் திரளும். அது ஏன் என்று நான் உடனே சொல்வதில்லை. ஒரு தாளில் துளியை வரைந்து, கோணத்தைக் குறித்து, பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பேன்.

உங்களுக்குப் பலகை வேண்டாம். வீட்டில் இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுங்கள். ஒன்றைச் சோப்பு போட்டு நன்றாக அலசிக் காய வையுங்கள். மற்றதில் எண்ணெய் தொட்ட விரலால் இலேசாகத் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி, துளியின் ஓரத்தைப் பாருங்கள்.